உடம்பு வலிக்கு உப்புத் தண்ணீர்: குணம் உப்பிலா, வெந்நீரிலா?



விடியுமுன் எழுந்து பெரட்டுக்குப் போய், செம்பனை நிரைக்குள் நுழைந்து, குலை வெட்டி, மட்டை அடுக்கி, குனிந்து குனிந்து உதிரிப்பழம் பொறுக்கிச் சாக்கில் கட்டி, வெயில் ஏறிய பிறகு வீடு திரும்புகிற உடம்பு எப்படி இருக்கும் என்று இந்தப் பகுதியைப் படிக்கிறவர்களுக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. இடுப்பு ஒரு பக்கம் இழுக்கும். கழுத்து திரும்பாது. நீண்ட அரிவாள் கம்பைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டே நின்ற தோள்பட்டை, இரவு படுத்த பிறகும் அந்தக் கம்பைப் பிடித்துக்கொண்டிருப்பது போலவே கடுக்கும். பால்மரம் சீவுகிறவர்களுக்கும் அதே கதைதான். மரத்துக்கு மரம் நடந்து நடந்து முழங்காலும் கெண்டைக்காலும் கல்லாகிவிடும்.

இந்த நிலையில் ஒரு புதுப் பேச்சு யோங் பெங் வட்டாரத்துக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. "அக்கா, மெக்னீசியம் உப்பாம். வெந்நீர்ல போட்டு அரை மணி நேரம் கால வெச்சா மேல்வலி எல்லாம் எடுத்துடுதாம். மனசு பாரங்கூட கொறையுதாம். டவுன்ல விக்கிறான், வாங்கலாமா?" கைப்பேசியில் வருகிற படத்தைப் பார்த்தால் ஆசையாகத்தான் இருக்கிறது. வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி பெரிய தொட்டியில் கண்ணை மூடிக்கொண்டு சாய்ந்திருக்கிறாள். பக்கத்தில் ஒரு மெழுகுவத்தி, ஒரு பூ. நம் வீட்டிலோ குளியலறையில் ஒரு வாளியும் ஒரு கோப்பையும் இருக்கும். சில வீடுகளில் சிமெண்டுத் தொட்டி. அதில் இறங்கிப் படுத்தால் மறுநாள் சமைக்கத் தண்ணீர் இருக்காது!

கிண்டல் இருக்கட்டும். கேள்வி நியாயமான கேள்வி. வலி உண்மை, அது போக வேண்டும் என்ற ஆசையும் உண்மை. ஆகவே இந்த உப்பு என்ன, அது என்ன செய்யும், என்ன செய்யாது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

முதலில் ஒன்று. இது புது உப்பே அல்ல. நம் தாத்தா பாட்டிகளுக்கு நன்றாகத் தெரிந்த பழைய ஆசாமி. தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெசர் அய்யா அளந்து கொடுத்த "பேதி உப்பு" இருக்கிறதே, அதேதான் இது. ஆங்கிலப் பெயர் எப்சம் சால்ட். வேதியியலில் மெக்னீசியம் சல்பேட். கொக்கிப்புழுவுக்கு மருந்து கொடுத்த காலத்தில், செத்த புழு வெளியே வருவதற்காகப் பின்னாலேயே இந்த உப்பையும் கரைத்துக் கொடுப்பது வழக்கமாக இருந்தது. கசப்பென்றால் அப்படியொரு கசப்பு. இந்த உப்பு குடலுக்குள் போய்ச் சுற்றியுள்ள தண்ணீரை எல்லாம் தன்பக்கம் இழுத்துக்கொள்ளும், குடல் நிரம்பும், அப்புறம் ஓட்டந்தான். குடித்தவர்கள் கதை கதையாகச் சொல்வார்கள். அந்தக் கசப்பு உப்புக்கு இன்று வாசனை போட்டு, ஊதா நிறம் ஏற்றி, அழகான பொட்டலத்தில் கட்டி, "மன அமைதி" என்று எழுதி விற்கிறார்கள்.

எப்சம் என்பது இங்கிலாந்தில் லண்டனுக்குத் தெற்கே உள்ள ஓர் ஊர். 1618-ஆம் ஆண்டில் ஹென்றி விக்கர் என்ற குடியானவர் மாடுகளுக்குத் தண்ணீர் காட்டப் போனார். மாடுகள் ஒரு குட்டைத் தண்ணீரை முகர்ந்து பார்த்துவிட்டுக் குடிக்க மறுத்துவிட்டன என்று சொல்வார்கள். மனிதன் குடித்துப் பார்த்தான். வயிறு சுத்தமாயிற்று! அதன்பிறகு பட்டணத்துப் பெரிய மனிதர்கள் எல்லாம் வண்டி கட்டிக்கொண்டு எப்சத்துக்குப் போனார்கள். 1695-இல் நெகேமியா குரூ என்ற மருத்துவர் அந்தத் தண்ணீரின் கசப்பு உப்பைப் பற்றி ஒரு நூலே எழுதினார். தண்ணீரைக் காய்ச்சி உப்பைத் தனியாக எடுத்துக் கடையில் விற்கலாம் என்று ஆனதும், ஊருக்குப் போகிற கூட்டம் நாளடைவில் குறைந்தது. இந்தக் கதையில் கவனிக்க வேண்டியது, எப்சத்துக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது அந்தத் தண்ணீரில் குளித்த குளியல் அல்ல, குடித்த குடி. மாடு மட்டும் புத்திசாலியாகத் திரும்பிப் போனது.

தோல் என்ன கடற்பஞ்சா?

இப்போது சொல்லப்படுவது வேறு. உப்பை வெந்நீரில் கரைத்து உடம்பையோ காலையோ ஊறவைத்தால், அதிலுள்ள மெக்னீசியம் தோல் வழியாக உள்ளே போய், சதையைத் தளர்த்தி, நரம்பை அமைதிப்படுத்தும் என்பது வாதம்.

மெக்னீசியம் உடம்புக்கு வேண்டிய சத்து என்பதில் சந்தேகமே இல்லை. சதை சுருங்கிய பிறகு தளர்வதற்கும், நரம்பு வேலை செய்வதற்கும், எலும்புக்கும் அது தேவை. ஆனால் அது தோல் வழியாகப் போகிறதா என்பதுதான் கேள்வி. 2017-இல் வெளிவந்த ஓர் ஆய்வுக் கட்டுரை, இதுபற்றி அதுவரை நடந்த சோதனைகளை எல்லாம் எடுத்துப் பார்த்து, தோல் வழியாக மெக்னீசியத்தை ஏற்றலாம் என்று சொல்வதற்குப் போதிய அறிவியல் ஆதாரம் இல்லை என்று முடிவு சொல்லியது. நடந்தவையெல்லாம் பத்து இருபது பேரை வைத்து நடந்த சிறு சோதனைகள். நிறையப் பேரை வைத்து ஒழுங்காக நடத்திய சோதனையில் இது நிரூபணமாகவில்லை.

யோசித்துப் பார்த்தாலே புரியும். நம் தோல், உள்ளே இருப்பது வெளியே ஒழுகாமலும் வெளியே இருப்பது உள்ளே நுழையாமலும் காக்கிற வேலி. கடல் தண்ணீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 1.3 கிராம் மெக்னீசியம் இருக்கிறது. பத்து பகாட் கரையோரத்தில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று வலை இழுக்கிறவருக்குத் தோல் வழியாகச் சத்து ஏறுமானால், அவருக்கு மேல்வலியே வரக்கூடாது அல்லவா? அவரைப் போய்க் கேட்டுப் பாருங்கள், என்ன சொல்வார் என்று!

நமக்குத் தெரிந்த செம்பனையையே எடுத்துக்கொள்வோம். செம்பனை மரத்தில் அடிமட்டைகள் பச்சை இழந்து மஞ்சளாகி, பிறகு ஆரஞ்சு நிறமாவதைப் பார்த்திருப்பீர்கள். வெயில் படுகிற ஓலை நிறம் மாறும். மேல் ஓலையின் நிழல் விழுந்த இடம் மட்டும் பச்சையாகவே இருக்கும். அது மெக்னீசியக் குறைவின் அடையாளம். இலைப் பச்சைக்குள் நடுநாயகமாக உட்கார்ந்திருப்பதே மெக்னீசியந்தான். அதற்காகத் தோட்டத்தில் கீசரைட் உரம் போடுகிறார்கள். அதுவும் மெக்னீசியம் சல்பேட்தான். எப்சம் உப்புக்குத் தம்பி. அந்த உரத்தை எங்கே போடச் சொல்கிறார் மண்டோர்? வேர் இருக்கிற வட்டத்தில் வீசச் சொல்கிறார். நாற்றுமேடையில் கன்றுக்கு இலை மேல் தெளிப்பதும் உண்டு, இலை உறிஞ்சும். மரத்தின் பட்டையில் பூசச் சொல்லி எந்த மண்டோராவது சொல்லியிருக்கிறாரா? நம் தோல் பட்டை மாதிரி. நமக்கு வேர் வாயும் வயிறும்.

இவ்வளவு சொன்ன பிறகு, "அப்போ அது சுத்தப் பொய்யா? என் மாமியாருக்கு நெசமாவே வலி கொறைஞ்சுதே!" என்று யாராவது கேட்பார்கள். குறைந்திருக்கும். மாமியார் பொய் சொல்லவில்லை.

வேலை செய்தது வெந்நீர்

சூடான தண்ணீர் பட்டதும் தோலுக்கு அடியில் உள்ள இரத்தக் குழாய்கள் விரிகின்றன. இரத்தம் தாராளமாக ஓடுகிறது. இறுகிய சதை இளகுகிறது. வலியைச் சொல்லும் நரம்பும் கொஞ்சம் அடங்குகிறது. அதுமட்டுமா? நாள் முழுக்க ஓடிய கால், இருபது நிமிடம் ஓர் இடத்தில் இருக்கிறது. பிள்ளை கூப்பிட்டாலும், அடுப்பு கூப்பிட்டாலும், "இரு, கால் தண்ணியில இருக்கு" என்று சொல்ல ஒரு காரணம் கிடைக்கிறது. நம் பெண்களுக்கு ஒரு நாளில் கிடைக்கிற ஒரே ஓய்வு இதுவாகக்கூட இருக்கலாம். அதை நாம் லேசாக எண்ணவில்லை.

தூக்கத்துக்கும் இதற்கும் தொடர்பு உண்டு. 1999-இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரத்து ஆராய்ச்சியாளர்கள் 'நேச்சர்' என்ற புகழ்பெற்ற அறிவியல் ஏட்டில் ஒன்றை எழுதினார்கள்: கையும் காலும் சூடாக இருக்கிறவருக்குத் தூக்கம் சீக்கிரம் வருகிறது. காரணம் என்ன? பாதம் சூடாகி, அங்குள்ள குழாய்கள் விரியும்போது, உடம்பின் உள்சூடு அந்த வழியாக வெளியேறுகிறது. உள்சூடு இறங்கினால்தான் மூளை தூக்கத்துக்குத் தயாராகும். 2019-இல் அமெரிக்காவின் டெக்சஸ் பல்கலைக்கழகத்தார் இதுபற்றிய பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். படுக்கப் போவதற்கு ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு முன், 40 முதல் 42 பாகை சூட்டில் பத்து நிமிடமாவது குளித்தால், சராசரியாகப் பத்து நிமிடம் முன்னதாகத் தூக்கம் வருகிறது என்று கண்டார்கள். அந்தக் கணக்கில் உப்பு வரவில்லை. சூடும் நேரமுந்தான் வந்தன.

உப்புக்கு ஒரு நியாயமும் சொல்லிவிட வேண்டும். 2005-இல் வெளியான ஒரு ஜெர்மன் ஆய்வில், தோல் வறண்டு அரிப்பு உள்ளவர்களை, ஒரு கையைச் சாக்கடல் உப்பு கரைத்த நீரிலும் மறு கையைச் சாதாரணக் குழாய் நீரிலும் வைக்கச் சொன்னார்கள். ஆறு வாரத்தில், உப்பு நீரில் வைத்த கையின் தோல் மிருதுவாயிற்று. சாக்கடல் உப்பில் மெக்னீசியம் அதிகம். ஆகத் தோலின் மேல்பக்கத்துக்கு அது நல்லது செய்யலாம். தோலுக்கு நல்லது என்பது வேறு. தோலைத் தாண்டி உள்ளே போய் இடுப்பு வலியைத் தீர்க்கும் என்பது வேறு.

சொல்லப்போனால், இந்த வெந்நீர் வைத்தியம் நம்மவர்களுக்கு யாரும் கப்பலில் ஏற்றி அனுப்ப வேண்டியது அல்ல. வாரத்துக்கு ஒரு நாள் எண்ணெய் தேய்த்து, சீயக்காய் போட்டு, வெந்நீரில் தலை முழுகி, அன்றைக்குப் பகலில் ஒரு தூக்கம் போட்டவர்கள் நாம். பிள்ளை பெற்ற உடம்புக்கு வேது கொடுத்த வெந்நீர், நொச்சித் தழை போட்டுக் காய்ச்சிய வெந்நீர், கல்லுப்பு போட்ட வெந்நீரில் சுளுக்கிய காலை வைப்பது, எல்லாம் லயத்து வீடுகளில் சாதாரணமாக நடந்தவை. விறகடுப்பு போய் எரிவாயு வந்த பிறகு, "காஸ் தீந்துடும்" என்று வெந்நீர் வைப்பதைக் குறைத்துக்கொண்டோம். இப்போது அதையே பொட்டலத்தில் வாங்கப் போகிறோம்.

நம் ஜொகூரிலேயே இயற்கை வைத்துக் கொடுத்த வெந்நீர் இருக்கிறது. யோங் பெங்கிலிருந்து பழைய நெடுஞ்சாலையில் வடக்கே சாஆ வழியாகப் போனால் லாபிஸ் வரும். அங்கே வெந்நீர் ஊற்று ஒன்று உண்டு. பூமிக்கு அடியில் ஆழத்துக்கு இறங்கிய மழைத்தண்ணீர், சூடான பாறையைத் தொட்டுத் திரும்பி மேலே வருவதுதான் இப்படிப்பட்ட ஊற்று. குடும்பத்தோடு போய்க் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்து வருவதில் தப்பே இல்லை. போகுமுன் திறந்திருக்கிறதா என்று ஒரு வார்த்தை விசாரித்துக்கொள்ளுங்கள். இலங்கையில் திருகோணமலைக்குப் பக்கத்தில் கன்னியா என்ற இடத்தில் ஏழு வெந்நீர்க் கிணறுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒவ்வொரு சூடு. இராவணன் தன் தாய்க்குக் கடன் கழிக்க உண்டாக்கியவை என்பது அங்குள்ள தமிழர்கள் சொல்லும் கதை. அவை சின்னக் கிணறுகள். யாரும் இறங்கி ஊறுவதில்லை. வாளியில் மொண்டு மொண்டு தலையில் ஊற்றிக்கொள்கிறார்கள். நம் வீட்டு வாளிக் குளியல் மாதிரியேதான்.

வீட்டில் செய்துகொள்ள

குளியல் தொட்டி வேண்டாம். துணி ஊறவைக்கிற அகலமான பேசின் போதும், நன்றாகக் கழுவிக்கொள்ளுங்கள். கணுக்காலுக்கு மேல் நாலு விரல் ஏறுகிற அளவுக்குத் தண்ணீர். பச்சைத் தண்ணீரை முதலில் ஊற்றி, அதன்மேல் கொதிநீரைக் கலக்க வேண்டும். கொதிநீரை முதலில் ஊற்றி வைத்துவிட்டுத் திரும்பினால், தவழ்கிற பிள்ளை வந்து கை வைக்கும். முழங்கையை விட்டுப் பாருங்கள்: இதமாகச் சுட வேண்டும், கையை இழுத்துக்கொள்ளும்படி சுடக்கூடாது. பதினைந்து இருபது நிமிடம் போதும். எட்டரை மணிக்குக் காலை வைத்தால் பத்து மணிக்குப் படுக்கச் சரியாக இருக்கும். அதிகாலையில் பெரட்டுக்கு ஓடுகிறவர்களுக்கு அந்தத் தூக்கம் பெரிது.

உப்பு போட ஆசையா? போடுங்கள். ஒரு கைப்பிடி எப்சம் உப்போ, கல்லுப்போ, எது கிடைக்கிறதோ அது. நாலு தண்டு செராய் தட்டிப் போட்டால் வாசனைக்கு வாசனை. கொல்லையில் சும்மா முளைத்துக் கிடக்கிறது. ஊதா நிறப் பொட்டலத்துக்குக் கொடுக்கிற காசில் வீட்டுக்குக் கச்சானும் கீரையும் வாங்கலாம். அது ஏன் என்று கீழே சொல்கிறோம்.

ஸ்டோரில் மூட்டை மூட்டையாகக் கீசரைட் இருக்கிறதே, ஒரு கை அள்ளிக்கொண்டு வரலாமா என்று யாருக்காவது தோன்றினால் வேண்டாம். அது மண்ணுக்குச் செய்த சரக்கு. உடம்புக்கென்று சுத்தம் செய்தது அல்ல. இன்னொன்று, தோட்டத்து ஸ்டோரில் வெள்ளையாக இருப்பதெல்லாம் உப்பு அல்ல. ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டங்களில் லாலாங்கையும் களையையும் அழிக்கச் சோடியம் ஆர்சினைட் என்ற கொடிய விஷத்தைப் பயன்படுத்தினார்கள். அதனால் மாடும் மனிதனும் மாண்டதைப் பழையவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அடையாளம் தெரியாத வெள்ளைத்தூளை நாக்கில் வைத்தும் பார்க்காதீர்கள், தண்ணீரில் கரைத்தும் பார்க்காதீர்கள்.

மருந்து அடிக்கிறவர்களுக்குத் தனியாக ஒரு சொல். வேலை முடிந்து வந்ததும் நேரே வெந்நீரில் காலை வைக்கவே கூடாது. முதலில் உடுப்பை மாற்றி, சோப்புப் போட்டு, ஓடுகிற பச்சைத் தண்ணீரில் உடம்பு முழுவதும் கழுவ வேண்டும். தோல் மெக்னீசியத்தை விடாது என்றோம். ஆனால் பூச்சிமருந்துகளில் பல அப்படி அல்ல. எண்ணெய்ப் பசையுள்ள மருந்து தோலுக்குள் இறங்கும். தோல் சூடாகவும் வேர்வையாகவும் இருந்தால் இன்னும் வேகமாக இறங்கும். பாராகுவாட் களைக்கொல்லியை மலேசியாவில் 2020 ஜனவரி முதல் தேதியிலிருந்து தடை செய்துவிட்டார்கள். அதனால் மற்ற மருந்தெல்லாம் பன்னீர் என்று ஆகிவிடாது.

இனிப்பு நீர் உள்ளவர்கள் கவனிக்க

இந்தக் கட்டுரையில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்கக்கூடாது. 2019-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் வயது வந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. ஐந்து பேரில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளலாம். இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடந்தான் அதிகம். நம் ஒவ்வொரு லயத்திலும் ஒருவர் இருவர் காலை இழந்தவர்களோ, விரலை இழந்தவர்களோ இருக்கிறார்கள். எப்படி இழந்தார்கள்?

பல வருடம் சர்க்கரை கூடினால் பாதத்து நரம்பு மரத்துப் போகும். எறும்பு ஊர்வது போல இருக்கும், எரியும், பஞ்சில் நடப்பது போல இருக்கும், அப்புறம் எதுவுமே தெரியாது. இந்த எரிச்சலுக்கும் மதமதப்புக்குந்தான் பலர் "உப்புத் தண்ணியில வெச்சா நல்லாருக்கும்" என்று காலை வைக்கிறார்கள். தண்ணீர் எவ்வளவு சூடு என்று அந்தக் காலுக்குத் தெரியாது. தோல் வெந்து கொப்புளம் கிளம்பிய பிறகு கண்தான் பார்த்துச் சொல்லும். கொப்புளம் உடைந்து புண்ணாகும். சர்க்கரை உள்ள புண் ஆறாது. அழுகல் ஏறும். கடைசியில் பத்து பகாட் சுல்தானா நோரா இஸ்மாயில் மருத்துவமனைக்கோ குளுவாங் பெரிய ஆஸ்பத்திரிக்கோ கொண்டுபோனால், "விரலை எடுக்க வேண்டும்" என்பார்கள். சூடு இல்லாமல் ஊறவைத்தாலும் கெடுதி உண்டு: நீரில் ஊறிய தோல் இளகி, விரல் இடுக்கில் வெடித்துக் கிருமி நுழைய வழியாகும்.

ஆகவே, பெரியப்பாவுக்கு இனிப்பு நீர் என்றால், அவர் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால், ஊறவைக்கிற வைத்தியமே வேண்டாம். தினமும் வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, விரல் இடுக்கைத் துடைத்து, அடிப்பாதத்தைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். கண் தெரியாவிட்டால் பேரப்பிள்ளை பார்க்கட்டும். எந்த மெக்னீசியத்தையும் விட அந்தப் பார்வை காலைக் காக்கும்.

இரத்தக் கொதிப்புக்கு மாத்திரை போடுகிறவர்கள், வெந்நீரில் இருந்து திடீரென்று எழுந்தால் தலை சுற்றி விழலாம். மெதுவாக எழுந்திருங்கள். அரிவாள் வெட்டு, முள் குத்திய புண் ஆறாமல் இருந்தால் காலை வைக்காதீர்கள். பிள்ளைத்தாய்ச்சிப் பெண்கள், அதிலும் முதல் மூன்று நான்கு மாதங்களில், உடம்பு முழுவதும் மிகச் சூடான தண்ணீரில் ஊறக்கூடாது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் எப்சம் உப்பை எக்காரணத்தைக் கொண்டும் குடிக்கக்கூடாது. கழிக்க முடியாத மெக்னீசியம் இரத்தத்தில் தங்கி இதயத்தையே நிறுத்தும் அளவுக்குப் போகும்.

அதே உப்பு உயிர் காக்கும் இடம்

பிள்ளைத்தாய்ச்சி என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். இந்த உப்பின் பெருமை குளியலறையில் இல்லை, பிரசவ அறையில் இருக்கிறது. கர்ப்ப காலத்தில் சிலருக்கு இரத்தக் கொதிப்பு ஏறி, சிறுநீரில் புரதம் போய், வலிப்பு வந்துவிடும். தாய், சேய் இருவருக்கும் ஆபத்து. பழைய காலத்தில் இதைப் பேய் பிடித்ததாக எண்ணி வேப்பிலை அடித்த கொடுமையும் உண்டு. அந்த வலிப்பைத் தடுக்கவும் நிறுத்தவும் மருத்துவமனையில் ஊசி வழியாகக் கொடுக்கிற மருந்து மெக்னீசியம் சல்பேட். சுத்தம் செய்த அதே பேதி உப்பு! 2002-இல் 33 நாடுகளில் பத்தாயிரம் கர்ப்பிணிகளை வைத்து நடத்திய பெரிய சோதனையில், இந்த மருந்து கொடுக்கப்பட்டவர்களிடையே வலிப்பு வருவது பாதிக்கும் கீழே குறைந்ததைக் கண்டார்கள். ஆகவே கர்ப்பிணிக்கு விடாத தலைவலி, கண் மங்கல், முகமும் கையும் திடீர் வீக்கம் என்றால், "களைப்பு, காலை வெந்நீர்ல வை" என்று சொல்லிக்கொண்டிருக்காமல் அன்றே, அந்த ராத்திரியே, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

சரி, அன்றாடம் நமக்கு வேண்டிய மெக்னீசியம் எங்கே கிடைக்கும்? வேர் வழியாகத்தான், அதாவது வாய் வழியாக. வளர்ந்த ஆளுக்கு நாளொன்றுக்கு 300 முதல் 400 மில்லிகிராம் வரை வேண்டும். நூறு கிராம் நிலக்கடலையில், அதுதான் நம் கச்சானில், ஏறக்குறைய 170 மில்லிகிராம் இருக்கிறது. பூசணி விதையில் அதைப் போல மூன்று மடங்கு; பூசணிக்காயைச் சமைத்துவிட்டு விதையைக் குப்பையில் போடுகிறோம், வெயிலில் காயவைத்து வறுத்துப் பாருங்கள். கேழ்வரகு, கீரை, பயறு, தெம்பே, வாழைப்பழம் எல்லாவற்றிலும் உண்டு. வெள்ளை அரிசியில் குறைவு. தீட்டித் தீட்டித் தவிட்டோடு போய்விடுகிறது. ஒழுங்காகக் கீரையும் பயறும் சாப்பிடுகிற ஆளுக்கு இது குறைவது அரிது. குறைகிறவர்களில் முக்கியமானவர்கள் யார் தெரியுமா? நிறையக் குடிக்கிறவர்கள். சம்சு வயிற்றை நிறைத்துச் சாப்பாட்டைத் தள்ளிவிடும். இருக்கிற மெக்னீசியத்தையும் சிறுநீரில் கழித்துவிடும். சர்க்கரை கட்டுக்கடங்காதவர்களுக்கும், நீர் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் குறையலாம். அதை இரத்தச் சோதனையில் பார்த்து டாக்டர்தான் சொல்ல வேண்டும். இரவில் கெண்டைக்கால் சதை பிடித்துக்கொள்கிறது என்று மெக்னீசிய மாத்திரை வாங்குகிறவர்களும் உண்டு. 2020-இல் இதுபற்றிய சோதனைகளை ஒன்றாகப் பார்த்தபோது, வயதானவர்களுக்கு அதனால் குறிப்பிடும்படியான பலன் இருக்காது என்றே தெரிந்தது. சதையை நீட்டி மடக்குவதும், வேலைக்காட்டில் தண்ணீர் போதுமான அளவு குடிப்பதும் செலவில்லாதவை.

மனப் பாரத்துக்கு வருவோம். கடன்காரன் வந்து நிற்கிறான், பிள்ளை படிப்பை நிறுத்திவிட்டான், வீட்டுக்காரர் குடித்துவிட்டு வருகிறார், தோட்டம் கைமாறப் போகிறது என்று பேச்சு அடிபடுகிறது: இவற்றை ஒரு பேசின் வெந்நீர் கரைக்காது. ஓர் இரவுத் தூக்கத்தைக் கொடுக்கலாம். அந்தத் தூக்கத்துக்குப் பிறகு யோசிக்கத் தெம்பு வரலாம். ஆனால் இரண்டு மூன்று வாரமாகத் தூக்கமே இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, எதிலும் பிடிப்பில்லை, செத்துப் போகலாமா என்று தோன்றுகிறது என்றால் அது நோய், வைத்தியம் உண்டு. யோங் பெங் அரசாங்கக் கிளினிக்கில் ஒரு வெள்ளி கட்டி டாக்டரிடம் சொல்லலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை. சுகாதார அமைச்சு மனநலத்துக்கென்றே 15555 என்ற தொலைபேசி எண் வைத்திருக்கிறது. பாராகுவாட் போத்தலை எடுத்துப் போன உயிர்கள் நம் தோட்டங்களில் எத்தனை என்பதைப் பெரியவர்கள் அறிவார்கள்.

இடுப்பு வலியும் அப்படித்தான். வலி காலுக்கு ஓடினால், கால் மரத்தால், சிறுநீர் கழிப்பதில் மாறுதல் தெரிந்தால், வெந்நீரை விட்டுவிட்டு டாக்டரைப் பாருங்கள். குலை தூக்கும்போது 'சடக்' என்று பிடித்துக்கொண்டது என்றால், அன்றைக்கே மண்டோரிடம் சொல்லி எழுத்தில் பதியச் செய்யுங்கள். வேலையில் ஏற்பட்ட காயம் என்றால் சொக்சோவில் கோர வழி உண்டு. "அன்னிக்குச் சொல்லலையே" என்று பிறகு பேச இடம் கொடுக்கக்கூடாது.

கடைசியாக, கால் வைத்த தண்ணீரை மிளகாய்ச் செடிக்கு ஊற்றலாமா என்று கேட்பவர்களுக்கு: எப்சம் உப்பு மட்டும் போட்டிருந்தால், இன்னும் இரண்டு பங்கு தண்ணீர் கலந்து எப்போதாவது ஒரு தடவை ஊற்றலாம், செடி ஏற்றுக்கொள்ளும். கல்லுப்பு போட்டிருந்தால் சாக்கடையில் கொட்டிவிடுங்கள், செடி கருகிவிடும்.